மணி அடிக்கும் வரை

பிப்ரவரி 18

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க இப்போது மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

நேற்று மாலை உன் அத்தான் ஜீப்பில் விருந்தினர் நான்கு பேரை ஏற்றிவரப் போனார். வந்து இறங்கியது ஐந்து பேர். ஐந்தாவது ஆள் நம் அப்பா. கையில் ஒரு பை, சட்டைப்பையில் நீ கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டு. "அக்கா, இரண்டு வாரம் பார்த்துக்கொள்." பார்சல் அனுப்புகிறவன்கூட முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லுவான். இங்கே போன் எடுக்காது, வாஸ்தவம். அதையே பெரிய எழுத்தில் உன் அச்சகத்தில் விளம்பரமாக அடித்து எங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறவன் நீ. தண்ணீர் லாரிக்காரர் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்ப உனக்கு என்ன கேடு?

அப்பா வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பெற்ற தகப்பன், வரட்டும். வந்த நேரத்தைப் பார். போன மாதம் பெய்த மழைக்கு இந்தப் பாலைவன மணல் முழுக்க முளை கிளம்பியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் பூத்துவிடும். மார்ச் முடியும் வரை, வாடகைக்கு விடுகிற நான்கு அறையும் நிரம்பிவிட்டது. பூக்கிற இந்தச் சில வாரத்தில் வருகிறதை வைத்துத்தான் மீதி வருஷம் முழுக்க நாங்கள் வயிறு கழுவ வேண்டும். வருகிறவர்கள் பூவுக்கும் நரிக்கும் மட்டுமா வருகிறார்கள்? பாதிப் பேர் சும்மா இருக்க வருகிறவர்கள். மனிதக் குரலே காதில் விழக்கூடாது என்று இவ்வளவு தூரம் வருகிறார்கள். "அமைதி காக்கவும்" என்று எங்கள் வாசலில் நிற்கிற பலகை உன் கையால் எழுதியதுதான். அந்தப் பலகைக்குப் பக்கத்தில், ஆயுசு முழுக்க வெங்காய மண்டியில் ஏலம் கூவிய மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். மண்டியில் அவரை மைக்செட் என்று கூப்பிடுவார்களே, அது உனக்கு மறந்துபோயிற்றா?

இறங்கின கையோடு, செடி கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியை ஒருவரைப் பார்த்து, "உங்க ஊர்ல வெங்காயம் என்ன விலை போகுது?" என்று கேட்டார். அந்த அம்மாள் தோள்பையைக் கீழே போட்டுவிட்டார். இன்று விடியற்காலை புதரடியில் நரி தன் குட்டிகளோடு வந்து நின்றது. எல்லோரும் ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்பா கதவை விரியத் திறந்து, "பாப்பா, இங்க வா, நரி வந்திருக்கு பாரு" என்றார். அதோடு நரி போயே போய்விட்டது.

இரண்டு வாரம் என்றால் இரண்டே வாரம். வந்து கூட்டிக்கொண்டு போ.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். முடிப்பதற்குள் காது சுட்டுவிட்டது. முன்னால் சொல்லாமல் அனுப்பியது தப்புதான். சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், அதனால் சொல்லவில்லை.

என் பாட்டையும் கொஞ்சம் கேள். கீழே கடை, மேலே இரண்டே அறை. அச்சு மெஷின் ஓடுகிற சத்தத்தைத் தாண்டி அப்பா குரல் கேட்கும். பால்கனியில் நின்று எதிர் மருந்துக்கடைக்காரரோடு பேசுவார். தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நின்றுவிடுவார்கள். பெண்ணுக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு. டீச்சரம்மா (என் வீட்டுக்காரிதான், வீட்டிலும் அவள் டீச்சர்தான்) விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அவள் போட்ட சிவப்புக் கோடு தாளைத் தாண்டி மேஜை வரை ஓடிவிட்டது. காது டாக்டரிடம் காட்டினேன். "அவருக்குக் காதிலும் குறை இல்லை, தொண்டையிலும் குறை இல்லை. குறையெல்லாம் பக்கத்தில் இருக்கிறவங்களுக்குத்தான்" என்று சொல்லி ஃபீஸ் வாங்கிக்கொண்டார்.

போகமாட்டேன் என்று அடம் பிடிப்பார் என நினைத்தேன். "அக்கா உங்களைப் பார்க்கணும்னு கூப்பிடுறா" என்று ஒரு பொய் சொன்னேன். உடனே பையைத் தூக்கிக்கொண்டார்.

தேர்வு மார்ச் கடைசியில்தான் முடிகிறது. அதுவரை நீ பார்த்துக்கொள். எனக்குச் சுவருக்குச் சுவர் ஆள். உனக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். சத்தம் போட்டால் யாருக்கு என்ன?

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நான் கூப்பிட்டதாகவா சொன்னாய்? அதனால்தான் அந்த மனிதர் தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்து, "நீ கூப்பிட்டியேன்னு ஓடி வந்தேன் பாப்பா" என்கிறாரா? நான் ஒன்றும் புரியாமல், "சரிப்பா, அந்த வாளியை எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றாயிருக்கிறது உன் சமத்து.

பூத்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் வெறும் முளையாகக் கிடந்த இடம், இப்போது கால் வைக்க இடமில்லை. மஞ்சள் ஒரு பக்கம், ஊதா ஒரு பக்கம், நடுவில் சுண்டு விரல் நகம் அளவுக்கு வெள்ளைப் பூ. காலையில் விரிந்து மத்தியானம் மூடிக்கொள்ளும். இங்கே குடிவந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பூப்பை நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். வாயடைக்காதவர் ஒருவர்தான்.

முந்தாநாள் மணல்மேட்டில் ஏறி நின்றுகொண்டு பூவை ஏலம் விட்டார். "மஞ்சப் பூ, காலையில விரிஞ்ச சரக்கு, சொத்தை கிடையாது, ஈரம் கிடையாது, கேக்கறவங்க கேக்கலாம், ஒரு தரம், ரெண்டு தரம்." இரண்டு சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மற்றவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டின் மறுபக்கம் போய்விட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பறவைகளைப் படம் எடுக்கும் ஒரு தம்பதி கானமயிலுக்காகவே வந்திருந்தார்கள். உன் அத்தான் இருட்டிலேயே கூட்டிக்கொண்டுபோய் ஒரு புதருக்குப் பின்னால் படுக்க வைத்தார். அந்தப் பறவை வருவதே அபூர்வம், வந்தால் லேசில் கிட்டே நெருங்காது. அன்றைக்கு நெருங்கி வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அப்பா ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பூவுக்கு நடுவே நடந்து வந்தார். "சூடா டீ கொண்டாந்திருக்கேன், ஆறிப்போயிடும், எழுந்திருங்க." பறவை போச்சு. அவர்களும் அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டார்கள், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு. உன் அத்தான் கோபித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஜீப்பைத் துடைத்தார், துடைத்தார், மாலை வரை துடைத்தார்.

பத்தாம் தேதி வரை வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தாம் தேதி முடியாது. இருபத்தைந்து என்று வைத்துக்கொள். கத்தாதே, ஒரு யோசனை சொல்கிறேன்.

மண்டி மணி ஞாபகம் இருக்கிறதா? காலையில் மணி அடித்தால் ஏலம் ஆரம்பம், அடுத்த மணி அடித்தால் முடிந்தது. அந்த மணிக்கப்புறம் அப்பா ஒரு வார்த்தை கூவ மாட்டார். ஒருமுறை பெரிய வியாபாரி ஒருவர் மணி அடித்த பிறகு வந்து, இன்னும் ஒரே ஒரு மூட்டை என்று கெஞ்சினார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார். மணிக்குக் கட்டுப்பட்டவன் நான், என்பார்.

நீயும் நானும் அப்பா, மெல்லப் பேசுங்க, மெல்லப் பேசுங்க என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்கு மெல்ல என்றால் என்னவென்று தெரியாது. ஒரு மணியைத் தொங்க விடு. சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. நடுவில் அமைதி நேரம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு.

பலித்தால் எனக்கும் சொல்லு, இங்கேயும் ஒன்று மாட்டிவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் யோசனை பலித்துவிட்டது. உன்னைப் பாராட்டி எழுத வேண்டிய நாளும் வந்ததே என்று இருக்கிறது.

ஜீப்பின் பழைய சக்கர வளையம் ஒன்றை உன் அத்தான் சமையலறை வாசலில் தொங்கவிட்டார். இரும்புக் கம்பியால் அடித்தால் அரை மைல் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கிருந்த எரிச்சலில் தோன்றவில்லை. "அப்பா, சாயங்கால மணி அடிச்சா காலை மணி வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. உங்களால எங்க பொழைப்பு போகுது" என்றேன். விருந்தினர் எல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, "மண்டி மணி மாதிரியா பாப்பா?" என்று கேட்டார். "ஆமாம்பா, அதே மாதிரி" என்றேன். தலையாட்டினார்.

அன்றிலிருந்து மணி அடித்தால் ஒரு சத்தம் கிடையாது. தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். நரி திரும்பி வந்துவிட்டது. பூப்பு முடியும் வரை தங்கியிருக்கும் பேராசிரியை அம்மாள், "உங்க அப்பா இவ்வளவு தன்மையானவர்னு முதல்ல தெரியலையே" என்றார். அறைகள் ஏப்ரல் நடு வரை நிரம்பிவிட்டன.

ஒரே ஒரு விஷயம். காலை மணிக்கப்புறமும் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே, "தம்பி என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். இருபத்தைந்தாம் தேதி வருகிறான் என்றேன். "நீ பத்துன்னே, அவன் இருபத்தஞ்சுங்கிறான். ரெண்டு வியாபாரியும் இப்படி மாத்தி மாத்தித் தள்ளிவிட்டா மண்டியில அதுக்கு விலை போகாம நின்ன சரக்குன்னு பேரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பத்து என்று நான் எழுதியது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் உன் அத்தானும் சமையலறையில் சண்டை போட்டது காதில் விழுந்திருக்கும். நம் குரலும் அவர் கொடுத்ததுதானே, வேறெப்படி இருக்கும்?

இருபத்தைந்துக்கு மறக்காமல் வா.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பலித்தது என்று படித்ததும் நிம்மதி. அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அது விளையாட்டுத்தான், நீ ஒன்றும் மனதில் போட்டுக்கொள்ளாதே.

இருபத்தைந்து என்றேன் அல்லவா, அதில் ஒரு சிக்கல். டீச்சரம்மாவின் அம்மா கண் ஆபரேஷனுக்காக இங்கே வந்து தங்கப்போகிறார். இருக்கிறதே இரண்டு அறை. அதுதான் அங்கே எல்லாம் சுமுகமாகிவிட்டதே. ஏப்ரல் பத்து என்று வைத்துக்கொள்வோமா? கோபப்படாதே. புதிய துண்டு விளம்பரம் ஆயிரம் அடித்து லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், என் கணக்கில்.

தம்பி


மார்ச் 23

தம்பி,

அப்பாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், மூச்சு விடு. உன் அத்தான் டவுனுக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டுக் கூட்டிவந்துவிட்டார். உன் கடிதம் மேஜைமேல் கிடக்கிறது. ஏப்ரல் பத்து என்ற இடம் வரை படித்தேன், அதற்கு மேல் படிக்கவில்லை.

நேற்று வெளிச்சம் வருவதற்கு முன்னால் எழுந்து தனியாக நரிக்குட்டி பார்க்கப் போயிருக்கிறார். ஏதோ வளைக்குள் கால் இறங்கி மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. எங்கே விழுந்தார் தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற முதல் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் என் சமையலறைப் புகை தெரியும். நான் பாத்திரம் போடுகிற சத்தம் கேட்கும். விருந்தினர்கள் பூ பார்க்க மேட்டுக்கு இந்தப் பக்கமாகவே நடந்து போனார்கள். அவர்கள் செருப்புச் சத்தம் எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

அவர் கூப்பிடவில்லை.

இதை எழுத என் கை வரவில்லை, இருந்தாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் ராத்திரி விருந்தினர்கள், காலை அமைதி இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாயிருக்கும், மணியைத் தள்ளி அடியுங்கள் என்று கேட்டார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி சரி என்றேன். பூ விரிந்து, வெயில் ஏறி, அவர்கள் எல்லோரும் சாப்பிட வந்து உட்கார்ந்த பிறகுதான் மணி அடித்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை, தூங்கட்டும், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆமாம், நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வளையத்தில் கம்பி பட்ட சத்தம் இன்னும் அடங்கவில்லை. மேட்டுக்குப் பின்னாலிருந்து "பாப்பா" என்று ஒரு குரல். மண்டியே திரும்பிப் பார்க்கிற அதே குரல். மேஜையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

ஓடினேன். அவருக்கு உதடு வெடித்து, முகமெல்லாம் மணல். "ஏம்பா கூப்பிடல, இங்கதானே இருக்கேன், ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று அந்த நிலைமையிலும் அவரைத்தான் திட்டினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறார். "மணி அடிக்கலையே பாப்பா. அடிப்பே அடிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அப்புறம் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி, "நரி பக்கத்துல வந்து என் கையை மோந்து பாத்துச்சு. நான் மூச்சு விடல" என்றார்.

எனக்குப் பொழைப்புதான் பெரிதாகப் போயிற்று. யோசனை உன்னுடையது என்று பழியை உன்மேல் போடலாம். மணி அடித்த கை என்னுடையது.

அக்கா


மார்ச் 27

அக்கா,

லாரிக்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "உங்கப்பாவா அந்தப் பெரியவர்?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டிக்கொண்டு போக வருகிறேன். தேதி தள்ளவில்லை, சாக்குச் சொல்லவில்லை. டீச்சரம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் அம்மாவைத் தங்கை வீட்டில் தங்கச் சொல்லி எழுதிவிட்டாள். பேசாமல் அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். எதிர் மருந்துக்கடை தெரிகிற ஜன்னல். அப்பா போனதிலிருந்து மகள் காலையில் எழுந்திருக்க மூன்று அலாரம் வைக்கிறாள், மூன்றும் எழுப்பவில்லை. மருந்துக்கடைக்காரர் தினமும், "என்ன, வீடே செத்துக் கிடக்கு?" என்று கேட்கிறார். இதையெல்லாம் உனக்கு எழுதாமல், அறை இல்லை, இடம் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ இனி சீசனைப் பார். அப்பாவை எனக்குக் கொடுத்துவிடு. எனக்கு அவர் வேண்டும்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

தரமாட்டேன். வேண்டாதபோது பார்சல், வேண்டும்போது திருப்பிக் கொடு என்றால் நான் என்ன உன் கடைக் குடோனா? நீ பொய் சொன்னது போகட்டும், நான் கூப்பிட்டேன் என்று நம்பித்தான் வந்தார். அது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

வளையத்தைக் கழற்றியாகிவிட்டது. உன் பலகையையும் கழற்றிக் கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டார் உன் அத்தான். நீ அனுப்பிய ஆயிரம் துண்டு விளம்பரமும் அடுப்பெரிக்கத்தான் ஆகும். புதிதாக அடி. நான் சொல்வதை அப்படியே போடு, உன் அலங்காரம் எதுவும் வேண்டாம். "மழை பெய்தால் பூ உண்டு. நரி உண்டு. கானமயில் அவரவர் அதிர்ஷ்டம். போன் எடுக்காது. இந்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், சத்தமாகப் பேசுவார். ஒத்துவராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்." பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிற பாதியை வைத்து ஓட்டிக்கொள்கிறோம்.

ஆனால் அப்பா இன்னும் பழையபடி பேசவில்லை. கேட்டால் பதில் சொல்கிறார், மெல்ல, அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத மாதிரி. அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. மணி இல்லைப்பா, கழற்றிட்டோம், கத்துங்க என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

நேற்று உன் கடிதத்தை அவர் கட்டிலில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். எனக்கு அவர் வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தி, "பாத்தீங்களாப்பா, இவ்வளவு நாள் கழிச்சுக் கேக்கறான். நான் தரமாட்டேன்னு எழுதப்போறேன்" என்றேன். அப்பா கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பையன் கேக்கறான், பொண்ணு கேக்கறா. சரக்கு பழசு, ஒரு கால் பழுது, தெரிஞ்சுதான் கேக்கறாங்க. ஒரு தரம்."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே நாற்காலியில் படுத்திருந்த விருந்தினர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த விருந்தினரை நான் கண்டுகொள்ளவே இல்லை.

"ரெண்டு தரம்."

அதோடு நிறுத்திவிட்டார். நான் காத்திருந்து பார்த்துவிட்டு, "மூணாவதுப்பா?" என்று கேட்டேன்.

"கேக்கற ரெண்டு பேரும் எதிர்ல நிக்காம எந்த மண்டியிலயும் நான் மூணாவது தரம் சொன்னதில்ல பாப்பா. அவனை வரச் சொல்லு" என்றார்.

லாரி கிளம்பப்போகிறது. சீக்கிரம் வா.

அக்கா